மூக்கனுக்குப் பிடித்த மீன்

கொடுவா வாங்கப் போகிறவர்கள் முதலில் வாலைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார், செவுளைத் தூக்கிப் பார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் மீன் செத்து எவ்வளவு நேரமாயிற்று என்று தெரிந்துகொள்ள. அது எப்படி வாழ்ந்தது என்று தெரிய வேண்டுமானால் வால்தான். கடலில் திரிந்த கொடுவாவின் வால் விசிறி மாதிரி ஓரம் முழுசாக இருக்கும். பண்ணைக் குட்டையில் நெருக்கியடித்து வளர்ந்ததற்குப் பழைய துடைப்பம் போலத் தேய்ந்து கிடக்கும். வயிற்றையும் அமுக்கிப் பாருங்கள். பண்ணை மீனுக்கு ரிட்டயர் ஆன ஆபீசர் மாதிரி தொப்பை இருக்கும். கடல் மீனுக்கு இருக்காது. அதற்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து கொட்ட யாரும் இல்லை.

மலை உச்சியில் மங்கி குல்லாய் போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவனுக்குக் கடல் மீனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். என் பெயர் முத்துராஜ். அரவேணுவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். டீ மேக்கர் என்றால் டீ போடுகிறவன் என்று என் மாமனாரே கல்யாணத்துக்குப் பிறகும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். அரைத்த இலை புளித்துப் பக்குவத்துக்கு வருகிற அந்த ஒரு கணத்தை மூக்கால் பிடித்து, 'போதும், டிரையருக்கு ஏத்து' என்று சொல்கிறவன்தான் டீ மேக்கர். ஒரு மூச்சு தாமதித்தால் ஒரு நாள் இலை குப்பை. அப்படிப்பட்ட மூக்கு இது. மேட்டுப்பாளையத்தில் எவராவது மீன் வறுத்தால் எனக்கு இங்கே பசிக்கும். பர்லியாறு தாண்டி மேலே ஏறும் பஸ்ஸில் எந்த சீட்டுக்கு அடியில் கருவாடு இருக்கிறது, அதை எந்த ஊர்ப் பேப்பரில் சுற்றியிருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

இந்த மூக்கை வைத்துக்கொண்டு ஐந்தாறு வருடம் நான் மீன் இல்லாமல் வாழ்ந்தேன். என் மனைவி சுசீலா பஜனைக் கோஷ்டியில் சேர்ந்து சைவமானாள். அவள் மட்டும் ஆகியிருந்தால் பரவாயில்லை, அடுப்பையும் சட்டியையும் என்னையும் சேர்த்து ஆக்கிவிட்டாள். "மீன் கவிச்சியோட இந்தப் படியேறுனீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேனுங்" என்றாள். அந்த யோசனையை நான் உடனே தள்ளிவிடவில்லை. ஆனால் காலையில் காப்பி யார் போடுவது என்ற கேள்வி வந்தது. எனவே முட்டைகோஸ் சாப்பிட்டேன். வெளியே எங்காவது தின்றுவிட்டு வந்தால் சட்டையை மோந்து பார்ப்பாள். என்னோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில் அவளுக்கும் கொஞ்சம் மூக்கு வந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த காரியத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்று காட்டத்தான். வேறு சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. யாருடைய பெயரையும் மாற்றியும் எழுதவில்லை. இதைப் படித்தால் கலங்கக்கூடிய ஒரே ஆள் மசினகுடியில் இருக்கிறாள், அங்கே எல்லோருக்கும் யானைக்கு வழிவிடவே பொழுது சரியாக இருக்கிறது.

என் சிநேகிதன் மூக்கன் எங்கள் எஸ்டேட்டில் லாரி டிரைவர். நான் பக்குவம் பார்த்த டீத்தூளை மூட்டை மூட்டையாகக் குன்னூர் ஏல கோடவுனுக்குக் கொண்டுபோனவன் அவன். பெயர்தான் மூக்கன், மூக்கு விஷயத்தில் ஒன்றுக்கும் ஆகாதவன். மீன் என்றாலே அவனுக்கு ஆகாது. சின்ன வயதில் தொண்டையில் முள் மாட்டி உயிர் போய்த் திரும்பியதிலிருந்து, மார்க்கெட் வழியாக லாரி ஓட்டும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவான். அவன் மனைவி ராக்கம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் மீன் சட்டி ஒன்று வாங்கியதில்லை.

மூக்கனுக்கு வாசுகி என்று ஒரு மகள், வினோத் என்று ஒரு மகன். வாசுகி மசினகுடியில் சஃபாரி ஜீப் ஓட்டும் சுரேஷைத் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. மூக்கன் நேராக எஸ்டேட் மாரியம்மன் கோவிலுக்குப் போனான். சூலத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, 'அவ எம்பட ஊட்டுப் படி மிதிக்கக் கூடாது' என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு சத்தியம் செய்துவிட்டால் அப்பீல் கிடையாது. அடித்தவனே தன் வாயால் எடுத்தால்தான் உண்டு. மனைவி அழுதாலும், மகன் கெஞ்சினாலும், பூசாரியே வந்து சொன்னாலும் எடுபடாது. ராக்கம்மா மகளோடு கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஃபோன் பேசுவாள். கோழிகள் உட்பட எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். படி மட்டும் மிதிக்கவில்லை.

போன வருடம் மாசி மாதத்தில் மூக்கன் படுத்துவிட்டான். அந்தக் கடைசி நாளன்று காலையிலிருந்து நான் பக்கத்தில் இருந்தேன். நடுப்பகலில் வினோத் வண்டி எடுக்கப் போயிருந்தான், ராக்கம்மா அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மூக்கன் என் மணிக்கட்டைப் பிடித்தான். பல நாளாகக் குழறிக்கொண்டிருந்த நாக்கு அப்போது தெளிவாக இருந்தது.

"முத்து, நாந்தான் தப்புப் பண்ணிட்டனப்பா. வாசுகிய ஊட்டுக்கு வரச்சொல்லு. சத்தியத்த நான் எடுத்துட்டன்னு எல்லாருத்துகிட்டயும் சொல்லிப்போடு."

அவ்வளவுதான். பிடி தளர்ந்தது.

இதைக் கேட்டது நான் ஒருவன். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். நினைவாற்றலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழ் லைனில் தொழிலாளர் வீடுகள் பக்கமிருந்து காற்று வீசியது. யாரோ மீன் வறுக்கிறார்கள். மத்தி. மிளகாய்த்தூள் அதிகம், எண்ணெய் பழசு, ஒரு பக்கம் கருகிக்கொண்டிருக்கிறது, திருப்பிப் போட ஆளில்லை. நான் காலையிலிருந்து வெறும் டீயோடு உட்கார்ந்திருந்தவன். அப்போது ராக்கம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏனுங்ண்ணா, என்னமோ பேசற சத்தம் கேட்டுதே. என்ன சொன்னாருங்?"

"மீனு வேணும்னாரும்மா" என்றேன்.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மகள் சமாச்சாரத்தைச் சொல்லக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. மீனை முதலில் சொன்னேன், மகளை இரண்டாவதாகச் சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் முதலாவதைச் சொன்னதும் ராக்கம்மா போட்ட ஓலத்தில் இரண்டாவதை வைக்க இடமே இல்லை.

ஓலம் கொஞ்சம் ஓய்ந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு மீனே தொடமாட்டாருங்களே" என்றாள்.

"அதாம்மா. தொடாததுமேலதான் கடைசீல ஆச வரும்" என்றேன். பொய் இல்லை. என்னை எடுத்துக்கொள்ளுங்கள்.

"அய்யோ, இத்தன வருசத்துல ஒரு நாளு ஆக்கிப் போடலியே நானு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "என்ன மீனுங்ண்ணா கேட்டாரு?"

இந்த இடத்தில் மத்தி என்று சொல்லியிருக்கலாம். செலவும் குறைவு. ஆனால் நான் ஒரு காரியத்தைச் செய்தால் தரமாகச் செய்கிறவன். "கொடுவா. கடல் கொடுவாதான் வேணும், பண்ண மீனு வேண்டாம்னாரு" என்றேன். மூக்கன் உடம்பில் அப்போது இன்னும் சூடு இருந்தது.

சாவுக்கு வாசுகி வந்தாள். ஃபேக்டரி வளைவிலேயே வினோத் மறித்துவிட்டான். "அப்பா சத்தியத்த எடுக்காமயே போயிட்டாருக்கா. நான் என்ன பண்றது, நீயே சொல்லு" என்று அவனும் அழுதான். அவள் சண்டை போடவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே இடுப்பளவு பச்சைக்குள் நின்று, புகை ஏறும் வரை பார்த்துவிட்டுப் போனாள். அப்போது சொல்லிவிடலாம் என்று நானும் இரண்டடி எடுத்துவைத்தேன். செடிகள் நனைந்திருந்தன, எனக்கு முழங்காலில் வாதம். போகப் போகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றுவிட்டேன்.

பிறகு படையல் வந்தது. வினோத் கோத்தகிரி மார்க்கெட்டில் மீன்கடை தபித்தாளிடம் கொடுவா வாங்கி வந்தான். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும்: செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது, போனவர் வந்து சாப்பிட்டு முடித்திருப்பார் என்றதும் திறந்து, இலையில் உள்ளதைச் சொந்தங்கள் பங்கு போட்டுக்கொள்வது. நான் வாசலில் நின்றபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். சொந்தங்கள் ஒரு பட்டாளம். எனக்கு வால் துண்டு வந்தாலே அதிசயம்.

எனவே ஒரு வழக்கத்தை உண்டாக்கினேன். கதவைத் திறக்கப் போகும்போது கையை நீட்டித் தடுத்து, "படையல் இலைல ரத்த சொந்தம் கை வெக்கக் கூடாது. கூட்டாளி ஒருத்தன் உக்காந்து சாப்புடோணும். அவன் வாய் வழியாத்தான் போனவனுக்குப் போயிச் சேரும்" என்றேன்.

"இதென்னுங் மாமா, புதுசா இருக்குது" என்றாள் வினோத்தின் மனைவி ஷண்முகப்ரியா. படித்த பெண். அந்த வீட்டில் எனக்கு அவளிடம் மட்டும்தான் கொஞ்சம் பயம்.

"சிலோன்ல எங்கய்யா காலத்துல இப்படித்தாம்மா" என்றேன். எங்களய்யா மேட்டுப்பாளையத்துக்குத் தெற்கே போனதில்லை. ஆனால் சிலோன் வழக்கம் என்றால் யாரும் போய் விசாரிக்க முடியாது. இன்றைக்கு இந்த வழக்கம் லைனில் மூன்று நான்கு குடும்பங்களுக்குப் பரவியிருக்கிறது. ஒரு வீட்டில் கூட்டாளிக்கு நாற்காலியே போடுகிறார்களாம். இன்னும் பத்து வருடத்தில் யாராவது இதை ஆராய்ச்சி செய்யக் காலேஜிலிருந்து வருவார்கள். வந்தால் நான் ஒத்துழைப்பேன்.

உட்கார்ந்தேன். முதல் துண்டை வாயில் வைத்ததும் சேறு அடித்தது. குட்டை மீன். தபித்தாள் கைவரிசை. என்னை அறியாமல் முகம் சுளித்தது. "வேண்டாம்ங்கறான். இது கடல் மீனில்ல" என்றேன். சுற்றி நின்றவர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வினோத் மீனை மீன்கடைக்கே கொண்டுபோய் விசாரித்தான். தபித்தாள் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டாள், பண்ணை மீன்தான் என்று. அன்றிலிருந்து நான் மென்றால் மூக்கன் மெல்கிறான், நான் தலையாட்டினால் மூக்கன் தலையாட்டுகிறான் என்று ஆகிப்போனது. இதை நான் திட்டமிடவில்லை. மூக்கு செய்த வேலை.

கடைசி ஆசை தீராத ஆத்மாவுக்கு ஒரு தடவை வைத்தால் போதாது, மாதாமாதம் வைக்க வேண்டும் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அமாவாசைக்கு மீனா என்று ஊர் கேட்கும் என்பதால், தேய்பிறை ஞாயிறு என்று மட்டும் திருத்திக் கொடுத்தேன். சுசீலாவாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. படையல் சோற்றை மறுப்பது பாவம் என்று அவள் பஜனையிலேயே சொல்லியிருக்கிறார்களாம். சட்டையை மோந்துவிட்டு, "மூக்கண்ணனுக்குப் போயிச் சேந்துச்சுங்களா" என்று மட்டும் கேட்பாள். சேர்ந்தது என்பேன்.

தபித்தாள்தான் கொஞ்சம் வம்பு. வழியில் பார்த்தால் விட மாட்டாள். "ஏனுங் டீ மேக்கரே, மூக்கண்ணன் எங்கடையத் தாண்டறப்ப மூக்கப் பொத்திட்டுப் போறவராச்சே. செத்ததுக்கப்புறம் எப்புடி ருசி வந்துச்சு?" என்பாள்.

"போற எடத்துல பழகியிருப்பான்" என்பேன்.

"அவரு திங்கறாரு, உங்களுக்கில்ல வவுறு முன்னால வருது" என்பாள். மீன் வியாபாரிகளுக்கு மரியாதை குறைவு.

ராக்கம்மா கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பா கடைசியாக ஆசைப்பட்ட மீன் இங்கே சரியாகக் கிடைக்கவில்லை என்றும். அதுதான் திருப்பம். வாசுகி மசினகுடியில் ஒரு ரிசார்ட் சமையல்கட்டில் வேலை பார்க்கிறாள். கோழிக்கோட்டிலிருந்து கூடலூருக்கு மீன் வண்டி வரும்; அங்கே கொடுவாவைக் காளாஞ்சி என்பார்கள். கடலில் பிடித்தது, ஐஸில் ஒரு ராத்திரிக்கு மேல் கிடக்காதது. அதில் நல்லதாக ஒன்றைத் தன் சம்பளத்தில் எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் போட்டு, கல்லட்டி மலைப்பாதை ஏறி, ஊட்டியில் பஸ் மாறி, அரவேணு டீக்கடைக்குக் கொண்டுவந்தாள். வீட்டுக்குத்தான் வரக் கூடாது. எனவே டீக்கடையில் வைத்து என்னிடம் கொடுத்தாள்.

அந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்டியை மடியில் வைத்தபடி கேட்டாள்.

"மாமா, நீங்கதானுங் பக்கத்துல இருந்தீங்க. அப்பா என்னப் பத்தி ஒரு வார்த்த, திட்டியாச்சும், சொன்னாருங்களா?"

நான் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு கரும்பச்சை, வயிறு புது எவர்சில்வர். கண்ணுக்குள் பொன் நிறத்தில் ஒரு மினுக்கு. வால் ஓரம் ஒரு இழைகூடப் பிசிறவில்லை. மோந்தேன். நல்ல கடல் மீனுக்கு மீன் வாடையே இருக்காது தெரியுமா. மழை பெய்து ஓய்ந்த பாறை வாசம் இருக்கும். இருந்தது.

"சொல்லலம்மா" என்றேன்.

அவள் முகம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியவில்லை; நான் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அவள் குடிக்காமல் வைத்திருந்த டீயில் ஆடை கட்டியிருந்ததைக் கவனித்தேன். மனசு கேட்கவில்லை. எனவே ஆறுதலாக ஒன்று சொன்னேன்.

"கோவம் இருக்கத்தான் இருக்கும். ஆனா அவன் கேட்ட மீன நீ கொண்டாந்திருக்கற பாத்தியா. சாப்புடச் சாப்புட மனசு எளகும். விடாமக் கொண்டா."

"எளகுங்களா மாமா?"

"எளகாம எங்க போகுது."

அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

இப்போது சமையல். ராக்கம்மாவுக்கு மீன் தெரியாது என்பதால் நானே அடுப்படி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுவாவைப் புளியில் மூழ்கடிக்கக் கூடாது. அதன் சதை வெள்ளையாக, தடிமனாக, தாழம்பூ மடல் மாதிரி பிரிகிறது. புளி ஏறினால் அந்த இனிப்பு செத்துவிடும். சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, மல்லி, மிளகு, தேங்காய் அரைத்து விட்டு, கொதித்து எண்ணெய் மேலே வந்த பிறகுதான் மீன். போட்டபின் கரண்டிக்கு வேலை இல்லை, சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். நடுத்துண்டுக்கு மஞ்சள், உப்பு, மிளகு மூன்றும் போதும். தோசைக்கல்லில் தோல் பக்கம் முதலில். தலை தனியாக, கடைசியில். தலையில் கன்னத்துச் சதை என்று ஒரு இணுக்கு இருக்கிறது. அதைத் தின்றுவிட்டுச் செத்துப்போகலாம். மூக்கன் தின்னாமலே செத்துப்போனான், பாவம்.

ராக்கம்மா மகள் அனுப்பிய மீனைக் கழுவும்போது அதைத் தடவித் தடவிக் கழுவுவாள். "எம்பொண்ணு தொட்டதுங்ண்ணா" என்பாள். சீக்கிரம், சதை தண்ணீர் இழுத்துவிடும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படி மாதங்கள் போயின. என் உடம்பு தேறியது. டாக்டரே ரத்தத்தில் கொழுப்பு குறைந்திருக்கிறது என்றார். ராக்கம்மா இளைத்தாள். வாசுகி ஒரு மாதமும் தவறவில்லை. கல்லட்டியில் மண் சரிந்து பஸ் நின்ற நாளில், கூடலூர் வழியாகச் சுற்றி, தலையில் பெட்டியோடு நடந்தும் வந்திருக்கிறாள். ஒருமுறை காய்ச்சலோடு வந்தாள், நின்றபடியே ஆடிக்கொண்டிருந்தாள். அன்றைய மீன் அபாரம். ஒவ்வொரு தடவையும் "எளகிச்சுங்களா மாமா" என்று கேட்பாள். "கொஞ்சம் எளகியிருக்குது" என்பேன். ஒரேயடியாக இல்லை என்று சொல்ல நான் கல்நெஞ்சன் அல்ல.

அப்புறம் இந்த மாசியில் வருடத் திதி வந்தது. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வாசுகி அன்றைக்குப் பஸ்ஸில் வரவில்லை. சுரேஷே ஜீப்பில் கூட்டிவந்திருந்தான். ஃபேக்டரி வளைவுக்குக் கீழே ஜீப்பை நிறுத்திக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள். புதுச்சேலை கட்டியிருந்தாள். மீன், நான் என் ஆயுளில் பார்த்ததிலேயே பெரியது. ஒரு சின்னப் பிள்ளை உயரம் இருக்கும். சரி, முக்கால் பிள்ளை.

ஆக்கி முடித்து, இலை போட்டு, கதவைச் சாத்தித் திறந்தார்கள். நான் உட்கார்ந்தேன். அப்போது ராக்கம்மா என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்ண்ணா. வருசம் திரும்பியாச்சு. அந்தப் புள்ள மாசாமாசம் சொமந்து சொமந்து கொண்டாந்து போட்டுருச்சு. இன்னிக்குச் சாப்புட்டுப்போட்டு நீங்க சொல்லுங். அவரு ஆச தீந்து போச்சுன்னா, மனசு எளகி சத்தியத்த எடுத்துட்டாருன்னா, நான் எம்பொண்ண உள்ள கூப்புட்டுக்கறேன். இல்லீன்னா வேண்டாமுங். அவரு வாக்க மீறி நான் செய்யமாட்டன்."

வினோத்தும் முன்னால் வந்தான். "நானே போயிக் கையப் புடிச்சுக் கூட்டியாறேனுங் மாமா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங், போதும்."

"அதுக்கு மாமாதான் சொல்லோணுமா? அத்த மனசு வெச்சாப் போதாதா?" என்றாள் ஷண்முகப்ரியா.

"நீ சும்மாரு புள்ள" என்று மாமியாரும் புருஷனும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜன்னல் வழியாகக் கீழே ஜீப் தெரிந்தது. அதன் பக்கத்தில் நீலப் புதுச்சேலை. அவள் இந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கன்னத்துச் சதையை எடுத்து வாயில் வைத்தேன். இதைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. வெண்ணெய் என்று சொன்னால் வெண்ணெய்க்குத்தான் பெருமை. மிளகு சரியான இடத்தில் வந்து நின்று, தேங்காய்க்கு வழிவிட்டு ஒதுங்கியது. ராக்கம்மா நன்றாகத் தேறிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு மென்றேன், அவர்கள் எல்லோரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

மென்றுகொண்டே யோசித்தேன். தீர்ந்துபோயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மையும்கூட. மூக்கன் சத்தியத்தை எடுத்துவிட்டுத்தான் போனான் என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொன்னால் அந்தப் பெண் மேலே ஓடி வருவாள், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், நானும் அழுதிருப்பேன். அதற்குப் பிறகு? ஆசை தீர்ந்த ஆத்மாவுக்கு மாதாமாதம் யார் மீன் வைப்பார்கள்? கூட்டாளிக்கு அங்கே என்ன வேலை? சுசீலா காலையில் முட்டைகோஸ் இரண்டு வாங்கி வைத்திருந்தது ஞாபகம் வந்தது.

கண்ணைத் திறந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கொற இருக்குதும்மா" என்றேன்.

ராக்கம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வினோத் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான். ஜன்னலில் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்தபடி ஏதோ சொல்கிறான். அவள் கேட்டாள். உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன், உட்காரவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறினாள். அது வளைவில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் குழம்பு ஆறிப்போயிருந்தது, சூடுபண்ணித் தரச் சொன்னேன்.

வினோத் திரும்பி வந்து, "கொற எதுன்னு கேட்டுச் சொல்லச் சொல்லுச்சுங் மாமா. அடுத்த மாசம் சரிபண்ணிடறேன்னுச்சு" என்றான்.

உப்பு லேசாகக் குறைவு என்றேன்.

அவளிடம் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. சொல்லத்தான் போகிறேன். ஆனியில் கேரளத்தில் பெரிய படகுகளுக்குத் தடை போடுவார்கள், எப்படியும் மீன் வராது, அப்போது சொல்லிவிடலாம் என்று முடிவே செய்திருந்தேன். ஆனால் சின்ன வள்ளங்களுக்குத் தடை இல்லையாம். கரையோரம் போய் ஒன்றிரண்டு கொண்டுவருவார்களாம். வாசுகி இப்போதே கோழிக்கோட்டு ஆளிடம் சொல்லி வைத்துவிட்டாள், மழைக்காலத்திலும் ஒரு மாதம் தவறாது என்று.

அப்பா மேல் அவ்வளவு பாசம். மூக்கன் கொடுத்து வைத்தவன்.